சட்டியும் முட்டையும்: ஒளிக்கு எவ்வளவு, நிழலுக்கு எவ்வளவு?



சுவரில் மணிக்கூடு இல்லாத காலத்தில் நம் மூத்தவர்கள் அஸர் நேரத்தை எப்படி அறிந்தார்கள்? முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, நண்பகலில் அதன் நிழல் எவ்வளவு நீளம் என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள். அந்த நிழலுக்கு மேல் கம்பின் நீளமளவு நிழல் வளர்ந்துவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் நேரம் வந்துவிட்டது. வுழூ செய்யப் புறப்பட்டுவிடுவார்கள். நிழலை அளந்து தொழுத மக்கள் நாம். திருக்குர்ஆனில் சூரா அல்-ஃபுர்கானின் 45ஆம் வசனம் நிழல் நீட்டப்படுவதையும், அதற்குச் சூரியன் வழிகாட்டியாக இருப்பதையும் சிந்திக்கச் சொல்கிறது. அப்படியிருக்க, ஒரு பானைக்கு நிழல் போடத் தெரியவில்லை என்று நம் பிள்ளை ஒருத்தி அழலாமா?

அழுகிறாள் என்று கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகள் தரம் 10இல் படிக்கிறாள். அழகியற் பாடமாகச் சித்திரத்தை எடுத்திருக்கிறாள். "கோடு நன்றாகத்தான் போடுகிறாள். ஆனால் அவள் வரைகிற பானை தட்டையாக, ரொட்டி மாதிரி இருக்கிறது. ஆசிரியை நிழல் போடச் சொன்னால், ஓரம் முழுவதையும் பென்சிலால் தேய்த்துக் கறுப்பாக்கிவிடுகிறாள். பிறகு அழிக்கிறாள், தாள் கிழிகிறது. அவளுடைய வாப்பும்மாவோ, நமக்கு எதற்குச் சித்திரம், வேறு பாடத்துக்கு மாறச் சொல் என்கிறார். இந்தத் தவணை முடிவதற்குள் நாங்கள் பாடசாலைக்குப் பதில் சொல்ல வேண்டும்" என்பது அவருடைய கவலை.

இரண்டு கேள்விகள் இதில் இருக்கின்றன. முதலில் வாப்பும்மாவின் கேள்விக்கு வருவோம். அவர் மார்க்கப் பற்றினால்தான் பேசுகிறார். அவரைப் பழைமைவாதி என்று ஒதுக்கிவிடக் கூடாது. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி உலமாக்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். அதில் தீர்ப்புச் சொல்வது இந்தப் பக்கத்தின் வேலையல்ல. ஆனால் ஒன்றை நினைவூட்டலாம். உருவம் வரைந்து பிழைத்த ஒரு மனிதர் தம்மிடம் வந்தபோது, வரைந்தேதான் ஆக வேண்டுமானால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியிருக்கிறது. க.பொ.த. சாதாரண தரச் சித்திரப் பாடத்திலும் முன்னால் வைக்கப்பட்ட பொருள்களைப் பார்த்து வரையும் பகுதி ஒன்று உண்டு. பானை, சட்டி, பழம், போத்தல், பெட்டி, துணி: இவற்றில் யாருக்கும் தடையில்லை. ஒளி நிழலைக் கற்க இவற்றைவிட நல்ல ஆசிரியரும் இல்லை. சகோதரி இதைப் பணிவோடு மாமியிடம் எடுத்துச் சொல்லிப் பார்க்கட்டும்.

இனி மகளின் கேள்வி.

அவள் செய்கிற பிழையைப் பெரும்பாலான பிள்ளைகள் செய்கிறார்கள். "நிழல்" என்றால் "ஓரத்தைக் கறுப்பாக்குவது" என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஓரத்தில் கறுப்பு, நடுவில் வெள்ளை. எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வருகிறது என்று அந்தப் படத்திடம் கேட்டால், அதற்குப் பதில் தெரியாது. வெளிச்சம் வரும் திசை தெரியாத படத்தில் நிழலும் இருக்க முடியாது. வெறும் அழுக்குத்தான் இருக்கும்.

ஆகவே பென்சிலைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, வெளிச்சத்தை ஒன்றாக்குவது. நம் வீடுகளில் யன்னல் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம், மேலே மின்குமிழ் என்று மூன்று திசைகளிலிருந்து வெளிச்சம் வரும். மின்குமிழை அணைத்துவிடுங்கள். கதவைச் சாத்துங்கள். ஒரு யன்னல் போதும். வலக்கையால் வரைகிறவர்களுக்கு யன்னல் இடப்பக்கம் இருக்கட்டும்; அப்போதுதான் கையின் நிழல் தாளில் விழாது. இடக்கையர்களுக்கு வலப்பக்கம்.

இப்போது ஒரு சிறு பரிசோதனை. இரவில் ரோச் லைட்டைச் சுவருக்கு நேராகப் பிடியுங்கள். வட்டமான, பளிச்சென்ற ஒளி தெரியும். அதே தூரத்தில் வைத்துக்கொண்டு ரோச்சைச் சரியுங்கள். வட்டம் நீண்டு முட்டை வடிவமாகும், வெளிச்சமும் மங்கும். ரோச் மாறவில்லை, பற்றரியும் மாறவில்லை. அதே அளவு ஒளி கூடிய இடத்தில் பரவியதால் ஒவ்வோர் இடத்துக்கும் கிடைத்த பங்கு குறைந்துவிட்டது. ஜேர்மன் மொழி பேசிய அறிஞர் லம்பேர்ட் 1760இல் இதைக் கணித விதியாகவே எழுதினார். நிழல் தீட்டும் கலைக்கு அடிப்படை இதுதான். ஒளியை நேராகப் பார்த்திருக்கும் பரப்பு அதிக வெளிச்சம் பெறும். சரியச் சரிய மங்கும். முகத்தைத் திருப்பிக்கொண்ட பரப்பு நிழலாகும்.

ஒரு சவர்க்காரப் பெட்டியை யன்னலருகே வைத்துப் பாருங்கள். மூன்று பக்கங்கள் தெரியும்; மூன்றும் மூன்று அளவு வெளிச்சத்தில் இருக்கும். விளிம்பில் சட்டென்று மாறும். பால்மா பேணியை வைத்தால் அந்த மாற்றம் மேலிருந்து கீழாக ஓடும் பட்டைகளாக மெதுவாக நடக்கும். முட்டையை வைத்தால் எல்லாப் பக்கமும் வளைந்து செல்லும். எங்கே சட்டென்று மாறுகிறது, எங்கே மெதுவாக மாறுகிறது என்பதை வைத்துத்தான் ஒரு பொருள் மூலையுள்ளதா உருண்டையானதா என்று கண் அறிந்துகொள்கிறது. வெளிக்கோடு இந்தச் செய்தியைச் சொல்லாது. அதனால்தான் கோடு அழகாக இருந்தும் பானை ரொட்டியாகிறது.

இங்கே நம் முன்னோர் ஒருவரை நினைவுகூர வேண்டும். பஸ்ராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம் அவர்கள் ஏழு பாகங்களில் "கிதாபுல் மனாழிர்" என்ற ஒளியியல் நூலை எழுதினார்கள். கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று பண்டைய கிரேக்க அறிஞர் பலர் எண்ணியிருந்தார்கள். அப்படியல்ல, பொருளில் பட்ட ஒளி கண்ணுக்கு வருவதால்தான் பார்க்கிறோம் என்று பரிசோதனைகளோடு விளக்கினார்கள் அவர்கள். நிழல்களுக்கென்றே தனியாக ஒரு நூலும் எழுதினார்கள். அந்த ஒளியியல் நூல் இலத்தீனுக்கும், பின்னர் இத்தாலிய மொழிக்கும் போனது. புளோரன்ஸ் நகரின் புகழ்பெற்ற சிற்பி கிபெர்ட்டி, 15ஆம் நூற்றாண்டில் தம் கலைக் குறிப்புகளை எழுதியபோது அதிலிருந்து ஏராளமாக எடுத்துக்கொண்டார். ஐரோப்பிய ஓவியர்களின் ஒளி நிழலைக் கண்டு வியக்கும் நம் பிள்ளைகளுக்கு, அந்த அறிவில் ஒரு பங்கு நம் வீட்டிலிருந்தும் போனது என்று சொல்லிக் கொடுங்கள்.

சரி, இனிப் பென்சில். பென்சிலின் உள்ளே இருப்பது காரீயமும் களிமண்ணும். 1795இல் பிரான்சின் கொன்ட்டே கண்டுபிடித்த கலவை முறை இது. களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், கோடு மெலிதாகும். காரீயம் கூடினால் மென்மையாகும், கோடு கறுக்கும். எச், பி என்ற எழுத்துக்கள் இதைத்தான் குறிக்கின்றன. காரீயத்துக்குப் பேர்போன நாடு நம் இலங்கை. கேகாலை மாவட்டத்தில் போகலவிலும், குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹவிலும் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடும் தூய காரீயத்தைப் பூமிக்கடியிலிருந்து எடுக்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு பெட்டி நிறையப் பென்சில் வேண்டியதில்லை. எச்பி ஒன்று, 2பி ஒன்று, 6பி ஒன்று: மூன்று போதும்.

வரையத் தொடங்குமுன் ஓர் அளவுகோல் செய்துகொள்ள வேண்டும். தடித்த வெள்ளைத் தாளில் வரிசையாக ஐந்து கட்டங்கள் போடுங்கள். 1ஆம் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அது தாளின் வெண்மை. 5ஆம் கட்டத்தை 6பி பென்சிலால் இயன்ற அளவு கறுப்பாக்குங்கள். அடுத்து 2ஆம் கட்டத்துக்குப் போகாதீர்கள். நடுவிலுள்ள 3ஐ நிரப்புங்கள். 1க்கும் 5க்கும் சரிநடுவான சாம்பலாக அது இருக்க வேண்டும். பிறகு 1க்கும் 3க்கும் நடுவாக 2ஐயும், 3க்கும் 5க்கும் நடுவாக 4ஐயும் நிரப்புங்கள். 1, 2, 3 என்று ஒழுங்காகப் போகிறவர்களுக்கு நாலாவது கட்டத்திலேயே கறுப்பு முடிந்துவிடும். ஐந்தாவதுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. சம்பளக் காசை முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்ட குடும்பத்தின் கதைதான்.

ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு சிறு துளை போடுங்கள். இந்தப் பட்டியைப் பொருளுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, துளை வழியே பாருங்கள். துளைக்குள் தெரிவது சுற்றியுள்ள கட்டத்தைவிட வெளிச்சமா, இருட்டா? இரண்டும் ஒன்றுபோல் தெரிகிற கட்டத்தின் எண்தான் அந்த இடத்தின் அளவு. படிப்படியான இந்த அளவைச் சித்திரக்காரர் "தொனி" என்பார்கள். பட்டியைப் பிடிக்கும் இடத்தில் விழும் வெளிச்சம் மாறினால் கணக்கும் மாறும் என்பதால், எப்போதும் ஒரே இடத்தில், ஒரே சரிவில் பிடியுங்கள்.

துளை எதற்கு, கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. நம் கண் நம்மை ஏமாற்றும். அதுவும் நல்ல எண்ணத்தோடுதான். முட்டை வெள்ளை என்று மனதுக்குத் தெரிந்திருப்பதால், நிழலில் இருக்கும் பக்கத்தையும் வெள்ளை என்றே மனம் சொல்லிவிடும். ஒரே நிறப் புள்ளியைக் கறுப்புப் பின்னணியில் வைத்தால் வெளிறியும், வெள்ளைப் பின்னணியில் வைத்தால் இருண்டும் தெரியும் என்பதை இப்னுல் ஹைதம் அவர்களே குறித்திருக்கிறார்கள். 1995இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் அடெல்சன் ஒரு சதுரங்கப் பலகைப் படம் வெளியிட்டார். வெளிச்சத்திலுள்ள கறுப்புக் கட்டமும், நிழலில் விழுந்த வெள்ளைக் கட்டமும் அதில் உண்மையில் ஒரே சாம்பல் நிறம். ஆனால் எத்தனை தடவை பார்த்தாலும் கண் அதை ஏற்றுக்கொள்வதில்லை.

கொழும்புக்குப் போகிறவர்கள் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள ஜாமிஉல் அல்ஃபர் பள்ளிவாசலைப் பார்த்திருப்பீர்கள். 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்த, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பள்ளிவாசல். வெயில் ஒரு பக்கமாக அடிக்கும் நேரத்தில் தூரத்தில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். வெயில் படாத பக்கத்து வெள்ளைப் பட்டை, வெயில் பட்ட பக்கத்துச் சிவப்புப் பட்டையைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மனம் சொல்லும். பாதி மூடிய கண்ணுக்கு அவை இரண்டும் நெருங்கிவரும். சில வேளை வெள்ளைதான் இருண்டு தெரியும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பழக்கம் வரைகிறவருக்குத் தொப்பியைப் போன்றது. எப்போதும் கூடவே இருக்க வேண்டும். சிறிய விவரங்கள் மறைந்து, பெரிய வெளிச்சமும் பெரிய நிழலும் மட்டும் மிஞ்சும்.

இப்போது முட்டையை வரைவோம். வெள்ளை முட்டை, வெள்ளைத் தாளின் மேல், யன்னல் இடப்பக்கம்.

முதலில் எச்பி பென்சிலால் வெளிக்கோட்டை மெலிதாகப் போடுங்கள். அடுத்து, வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் எல்லையைத் தேடுங்கள். முட்டையின் மேல் வளைந்து செல்லும் அந்த எல்லையையும் மெலிதாகக் குறியுங்கள். தாளில் விழுந்திருக்கும் முட்டையின் நிழலின் எல்லையையும் குறியுங்கள். பிறகு நிழலென்று கண்ட இடம் முழுவதையும், முட்டையின் மேலுள்ளதையும் தாளில் விழுந்ததையும் சேர்த்து, 3ஆம் தொனியில் ஒரே சீராக நிரப்புங்கள். இப்போது படத்தில் இரண்டே பகுதிகள்: ஒளி, நிழல். எட்டடி தள்ளி வைத்துப் பாருங்கள். முட்டை இப்போதே எழுந்து உட்கார்ந்திருக்கும். இந்தக் கட்டத்தில் எழாவிட்டால் பின்னால் எவ்வளவு தேய்த்தாலும் எழாது. எல்லையைத்தான் திருத்த வேண்டும்.

இனிப் பங்கீடு. 1ஐயும் 2ஐயும் ஒளிக்குக் கொடுங்கள். 3, 4, 5ஐ நிழலுக்குக் கொடுங்கள். ஒருவர் பங்கை மற்றவர் தொடக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் மகள் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒளிப் பக்கத்தில், யன்னலை நேராகப் பார்த்திருக்கும் இடம் 1. தாளை அப்படியே விட்டுவிடுங்கள். எல்லையை நோக்கிச் சரியச் சரிய 2. நிழல் பக்கத்தில், எல்லையை ஒட்டி உள்ளே ஒரு பட்டை மிக இருண்டிருக்கும், அது 4. அதற்கப்பால் முட்டையின் வலது ஓரத்தில் ஓர் அதிசயம் காண்பீர்கள். அந்த ஓரம் சற்று வெளிச்சமாக இருக்கும். வெள்ளைத் தாளில் பட்ட ஒளி மேலே தெறித்து முட்டையின் அடிப்பக்கத்தைத் தொடுவதால் வருவது அது. அங்கே போட்டிருக்கும் 3ஐ அப்படியே விடுங்கள். தாளில் விழுந்த நிழல் 4. முட்டை தாளைத் தொடும் இடத்தில், ஒளி நுழைய வழியே இல்லாத ஒரு மெல்லிய கோடு இருக்கும்; அதற்கு மட்டும் 5. அந்த ஒரு கோடு இல்லாவிட்டால் முட்டை தாளில் உட்காராது, மிதக்கும்.

பிள்ளைகள் தடுமாறும் இடம் அந்தத் தெறித்த ஒளி. இருட்டுக்குள் இருப்பதால் அது மிகப் பிரகாசமாகத் தோன்றும். உடனே அழிறப்பரை எடுத்து வெள்ளையாக்கிவிடுவார்கள். முட்டை மறுபடி தட்டையாகிவிடும். அல்லது கண்ணாடி போலத் தெரியும். தெறித்து வந்த ஒளி ஏற்கெனவே தாளில் பட்டு ஒரு பங்கை இழந்த ஒளி. அது யன்னலிலிருந்து நேரே வந்த ஒளிக்குச் சமமாகாது. நிழலுக்குள் எவ்வளவு வெளிச்சமான இடமும், ஒளிப் பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிட ஒரு படி இருட்டாகவே இருக்கட்டும். துளைப் பட்டியைப் பிடித்துப் பாருங்கள், உண்மை தெரியும்.

விழுந்த நிழலையும் கவனியுங்கள். முட்டையின் அருகே அதன் ஓரம் தெளிவாகவும், தூரம் போகப் போக ஓரம் கலைந்து மங்கலாகவும் இருக்கும். யன்னல் அகலமானது; நிழலின் தூரத்து ஓரத்துக்கு யன்னலின் ஒரு பகுதி தெரிகிறது, மறு பகுதி தெரிவதில்லை. அதனால் அங்கே பாதி ஒளி, பாதி நிழல். முழு நிழலையும் கத்தியால் வெட்டியதுபோல் போட்டால் அது நிழலாகத் தெரியாது. கறுப்புத் துணித்துண்டு போலிருக்கும்.

முட்டை கைவந்த பின், பக்கத்தில் புகை பிடித்த மண்சட்டியை வையுங்கள். சட்டி கறுப்பு. அதற்கு 1, 2 என்று ஒளி கொடுத்தால் அது வெள்ளிச் சட்டியாகிவிடும். சட்டியின் ஒளிப் பக்கம் 3இலிருந்து தொடங்கி 4க்குப் போகட்டும்; நிழல் பக்கம் 5. ஆக, முட்டையின் நிழலுக்குக் கொடுத்த 3, சட்டியின் ஒளிக்குப் போகிறது. பங்கீட்டு விதி பிழைத்துவிட்டதா? இல்லை. ஒவ்வொரு பொருளும் தனித் தனிக் குடும்பம். ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கு இன்னொரு குடும்பத்துக்குப் பொருந்தாது. ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒளியும் நிழலும் கலந்துவிடக் கூடாது.

தாளின் வெண்மை வெயிலின் வெண்மையல்ல. பென்சிலின் கறுப்பு அடுப்படியின் இருட்டுமல்ல. வெளியுலகத்தின் முழு ஒளியையும் தாளில் கொண்டுவர எவராலும் முடியாது. ஒன்றைவிட மற்றது எவ்வளவு இருட்டு என்ற உறவை மட்டும் சரியாக வைத்தால், மீதியைப் பார்ப்பவர் கண் செய்துகொள்ளும். ஆகவே 5ஐக் கண்டு பயப்படவும் வேண்டாம், எல்லா இடத்திலும் இறைக்கவும் வேண்டாம். பயந்து எல்லாவற்றையும் 2இலும் 3இலும் முடித்த படம் பனிமூட்டத்தில் பார்த்ததுபோல் இருக்கும்.

கைப்பழக்கம் பற்றி மூன்று சொல். விரலால் தேய்க்காதீர்கள், கையின் எண்ணெயும் வியர்வையும் பட்டுத் தாள் திட்டுத் திட்டாகிவிடும். கையின் கீழ் எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும். அழுத்தி ஒரே தடவையில் கறுப்பாக்காமல், மெல்லிய கோடுகளை அடுக்கடுக்காக, பொருள் வளையும் பக்கமாகவே வளைத்துப் போடுங்கள். அடுக்கு அடுக்காக ஏற்றிய நிழலைத் திருத்தலாம். அழுத்தியதைத் திருத்தினால் தாள்தான் கிழியும்.

அந்தச் சகோதரிக்கு என் ஆலோசனை இது. பாடத்தை மாற்றுவதா என்று இன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம். தவணை முடிய நாள் இருக்கிறது. பதினான்கு நாளைக்கு, அஸர் தொழுதபின் அரை மணி நேரம், மகள் ஒரே ஒரு முட்டையை மட்டும் வரையட்டும். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் திகதியைப் போட்டு வைக்கட்டும். எதையும் கிழித்தெறிய வேண்டாம். பதினைந்தாம் நாள் வாப்பும்மாவைக் கூப்பிட்டு, முதல் நாள் படத்தையும் கடைசி நாள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். யன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். கடைசிப் படத்தைப் பார்த்து அவர் விரலை நீட்டிச் சரியான பக்கத்தைக் காட்டிவிட்டால், பிள்ளை ஒளியைக் கற்றுக்கொண்டாள் என்று பொருள். அதன் பிறகு மூவரும் உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவு எதுவானாலும், கண்ணீரோடு எடுத்த முடிவாக இருக்காது.

மற்றச் சகோதரிகளும் பிள்ளைகளும் இம்மாதம் ஐந்து கட்டப் பட்டியைச் செய்து வையுங்கள். அடுத்த மாதம் அது தேவைப்படும். இன்ஷா அல்லாஹ், மேசையில் விரித்த துணியின் மடிப்புகளுக்கு ஒளி நிழல் தீட்டுவதைப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.